முட்டை பார்த்த விளக்கு

மூன்று கட்டை டார்ச்சின் வாயைக் கையால் பொத்திப் பார்க்காமல் வளர்ந்த காவிரி டெல்டாப் பிள்ளை யாரும் இருக்க முடியாது. முறைத் தண்ணீருக்கு மடை மாற்ற ராத்திரியில் அப்பா கிளம்புவார். வரப்பில் அவர் பின்னாலேயே நடந்துகொண்டு டார்ச்சின் மேல் விரல்களைக் குவித்து வைத்தால், விரலிடுக்கெல்லாம் செக்கச்செவேலென்று எரியும். எலும்பு தெரிகிறதா என்று உற்று உற்றுப் பார்ப்போம். தெரியாது. டார்ச்சிலிருந்து போவது வெள்ளை வெளிச்சம், கையைத் தாண்டி வருவது சிவப்பு மட்டும். மிச்ச நிறமெல்லாம் எங்கே போயிற்று என்று அன்றைக்கு யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டில் இன்னொரு விளக்கு வேலையும் உண்டு. பாட்டி கோழியை அடை வைத்து ஏழெட்டு நாள் ஆனதும், முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து இருட்டு அறையில் அரிக்கேன் விளக்கின் முன்னால் பிடிப்பாள். உள்ளே சிலந்திக்கால் போல ரத்தநாளம் ஓடியிருந்தால் கரு கூடியிருக்கிறது. ஒன்றுமில்லாமல் தெளிந்து கிடந்தால் கூமுட்டை, அது தனியே போய்விடும். ஓட்டை உடைக்க வேண்டியதில்லை. ரத்தம் எங்கே ஓடுகிறது என்பதை வைத்தே உயிரின் கதையைப் படித்துவிடலாம்.

மார்பகத்தை ஒளியால் பார்த்துப் புற்றுநோயைத் தேடும் கலை இந்த இரண்டு விளையாட்டுகளின் பெரிய அண்ணன். அது உலகம் சுற்றிய வழியைத் தேடிப் போனால், நடுவில் ஒரு முக்கியமான திருப்பம் நம் காவிரிக் கரையிலேயே வந்து நிற்கிறது. எனக்கு இந்தக் கதை பிடித்துப் போனதற்கு முதல் காரணம் அதுதான்.

தொடக்கம் லண்டனில். கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், தலையில் நீர் கோத்துப் பெருத்த ஒரு நோயாளியைப் பற்றி 1831-இல் எழுதினார். பின்னால் வெளிச்சம் இருந்தால் அந்தத் தலை ஒளி ஊடுருவி மங்கலாக ஒளிர்ந்ததாம். பன்னிரண்டு ஆண்டுகளில் அதே ஊரின் தாமஸ் கர்லிங் இதையே விரைவீக்கத்துக்குப் பயன்படுத்திப் பார்த்தார். உள்ளே நீர் என்றால் வெளிச்சம் கடக்கும், கெட்டியான கட்டி என்றால் இருளும். யானைக்கால் கிருமி நெடுங்காலம் குடியிருந்த கும்பகோணம் பக்கத்தில் விரைவீக்கம் புதிதல்ல. இன்றும் நம் டாக்டர்கள் முதலில் டார்ச்சை வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஏறக்குறைய இருநூறு வருடத்துப் பழைய உத்தி, இன்னும் செலவில்லாத உத்தி.

இடையில் சாயக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் மருத்துவத்தை நினைக்கவே இல்லை. ஜெர்மனியில் அடால்ஃப் ஃபான் பேயர் 1871-இல் ஃபுளோரசீன் என்ற பொருளைத் தயாரித்தார். நீல வெளிச்சம் பட்டால் பச்சையாக ஒளிரும். 1876-இல் ஹைன்ரிக் காரோ துணிக்குச் சாயமேற்ற மெத்திலீன் நீலம் கண்டார். மறு ஆண்டு ஒரு வேடிக்கை நடந்தது. டான்யூப் ஆறு ஓரிடத்தில் பாறைக்குள் புகுந்து காணாமல் போகிறது. தெற்கே ஆஹ் என்னும் ஊற்றில் கிளம்புவது அந்தத் தண்ணீர்தானா என்று நெடுநாள் தகராறு. 1877-இல் பத்து கிலோ ஃபுளோரசீனை ஆற்றில் கரைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். சுமார் அறுபது மணி நேரத்தில் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. எந்த வாய்க்காலில் விட்ட தண்ணீர் எந்த வயலில் ஏறுகிறது என்பதற்காக வரப்புச் சண்டை போடும் ஊர்க்காரனுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும். அதே சாயம் இன்றைக்கு மார்பகத்திலிருந்து அக்குளுக்குப் போகும் இன்னும் மெல்லிய வாய்க்கால்களைக் காட்டுகிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இனி காவிரி. திருச்சி திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7-ஆம் தேதி சந்திரசேகர வெங்கட ராமன் பிறந்தார். முன்னோர்கள் தஞ்சை மாவட்டத்துப் புரசக்குடி, மாங்குடிப் பக்கம் நிலபுலத்தோடு இருந்த குடும்பம். 1921-இல் இங்கிலாந்து போய்விட்டு நார்குண்டா என்ற கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரை உலுக்கியது. கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பால் என்று அதுவரை சொல்லிவந்தார்கள். இல்லை, தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று கண்டு, பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினார். ஏழு ஆண்டு கழித்து, 1928 பிப்ரவரி 28 அன்று, கல்கத்தாவில் அவரும் கே.எஸ். கிருஷ்ணனும் இன்னும் நுட்பமான ஒன்றைப் பிடித்தார்கள். ஒரு பொருளின் மேல் ஒரே நிற ஒளியைச் செலுத்தினால், சிதறும் ஒளியில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு நிறம் மாறி வருகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது அந்தப் பொருளின் மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்பதைப் பொறுத்தது. நெய்க்கு ஒரு மாற்றம், எண்ணெய்க்கு ஒரு மாற்றம், எலும்புக்கு ஒரு மாற்றம். மூலக்கூறின் கைரேகை என்று இதைச் சொல்வார்கள். 1930-இல் நோபல் பரிசு வந்தது. ஆனால் அந்த ஒரு பங்கு வெளிச்சம் அத்தனை பலவீனமானது. 1960-இல் லேசர் வரும்வரை அதை உடம்புக்குள் தேடுவது நடக்காத காரியம்.

ராமன் விளைவு வெளியான அடுத்த ஆண்டே, 1929-இல், நியூயார்க்கில் மாக்ஸ் கட்லர் என்ற அறுவை மருத்துவர் இருட்டறையில் பெண்களின் மார்பகத்துக்குக் கீழே விளக்கைப் பிடித்துப் பார்த்ததை எழுதினார். பாட்டியின் முட்டை வித்தைதான். நீர் நிறைந்த கட்டி ஒளிர்ந்தது, ரத்தம் கட்டியிருந்த இடம் கறுத்தது. புற்று பல சமயம் கறுப்பாகத் தெரிந்தது, சில சமயம் தெரியவில்லை. பெரிய சிக்கல் விளக்கின் சூடு. உள்ளே போகிற அளவுக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் தோல் தாங்காத வெப்பம் சேர்ந்து வந்தது. அந்த விளக்கு கொஞ்ச காலத்தில் அணைந்துபோனது. எக்ஸ்ரே முன்னால் வந்துவிட்டது. பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் 1913-லேயே அறுத்தெடுத்த மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருந்தார். அந்த வழிதான் பின்னாளில் மேமோகிராம் ஆயிற்று.

ஒளி ஏன் தடுமாறியது என்பதற்கு விடை அதே ராமன் குடும்பத்திலிருந்து வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை. மார்கழி விடியலில், பனி மூடிய பாதையில் எதிரே பஸ் வருகிறது என்று வையுங்கள். விளக்கின் வெளிச்சம் நம்மிடம் வருகிறது. பஸ்ஸின் உருவம் மட்டும் தெரிவதில்லை. வெளிச்சம் பனித்துளிகளில் மோதி மோதி வழி தவறி வருவதுதான் காரணம். சதையிலும் இதுவே நடக்கிறது. மோதி அலையும் அந்த ஒளிக்குக் கணக்கு எழுதியவர்களில் முக்கியமானவர் ராமனின் அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். நட்சத்திரங்களின் காற்று மண்டலத்திலிருந்து ஒளி எப்படி வெளியேறுகிறது என்று அவர் ஆராய்ந்தார். 1950-இல் வந்த ‘ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்’ என்ற அவருடைய நூலை, மார்பகத்துக்குள் ஒளியின் பாதையைக் கணக்கிடும் பொறியாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். நட்சத்திரத்துக்குப் போட்ட கணக்கு மனுஷிக்கும் சரியாகப் பொருந்தியது.

அந்தக் குடும்பத்தின் கதை அதோடும் முடியவில்லை. சந்திரசேகரின் தமக்கை பாலபார்வதியின் மகள்தான் மருத்துவர் வி. சாந்தா. முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் சென்னை அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையில் மறு ஆண்டு அவர் சேர்ந்தார். அப்போது அங்கே பன்னிரண்டு படுக்கை. 2021 ஜனவரியில் மறையும்வரை அவர் வேலை அங்கேதான். சின்னத் தாத்தா ஒளியின் நிறம் மாறுவதைக் கண்டார், மாமா ஒளியின் வழியைக் கணக்கிட்டார், மருமகள் மார்பில் கட்டியோடு வந்த பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டார். மூவரும் இதற்காகக் கூடிப் பேசிக்கொண்டவர்கள் அல்ல. இருந்தாலும் ஒரு தஞ்சைக் குடும்பத்தின் மூன்று கிளைகள் இந்த ஒரே விஷயத்தின் மேல் வந்து நிழல் விழுத்தியிருக்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து, நிறத்துக்கு நிறம் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்தில், வெப்பமானி இன்னும் ஏறியது. அகச்சிவப்பு என்கிறோமே, அது. நம் உடம்பே அந்த வெளிச்சத்தை ஓயாமல் வீசிக்கொண்டிருக்கிறது. கனடாவின் மான்ட்ரியலில் ரே லாசன் என்ற மருத்துவர், புற்றுக்கட்டியின் மேலுள்ள தோல் சுற்றுப்புறத்தைவிடச் சற்றுச் சூடாக இருப்பதை 1956-இல் எழுதினார். புதிதாக ரத்தநாளம் முளைத்து ஓடும் இடம் சூடாகத்தானே இருக்கும்! போர்க் காலத்து அகச்சிவப்புக் கருவிகள் கையில் கிடைக்கவும் அமெரிக்காவில் வெப்பப்பட மோகம் பிடித்தது. 1973-இல் தொடங்கிய ஒரு பெரிய பரிசோதனைத் திட்டத்தில் மேமோகிராமோடு இதையும் சேர்த்தார்கள், பிறகு கழற்றிவிட்டார்கள். தப்பவிட்டது அதிகம். அப்படியும் வியாபாரிகள் விடவில்லை. வலியில்லை, கதிர்வீச்சில்லை, மேமோகிராமே வேண்டாம் என்று பல இடங்களில் வெப்பப்படக் கடைகள் முளைத்தன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இது மேமோகிராமுக்கு மாற்று அல்ல என்று மீண்டும் மீண்டும் எச்சரிக்க வேண்டியதாயிற்று. இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. பயந்துபோய் வந்தவளிடம் ‘ஒன்றுமில்லை’ என்று தப்பாகச் சொல்லி அனுப்புவது சாதாரணப் பிழை அல்ல.

விளக்கு வித்தையும் இரண்டாம் முறை எழுந்தது. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் சார்ல் குரோ என்பவர்தான் மார்பகத்துக்கென்றே தனி எக்ஸ்ரே இயந்திரத்தை 1960-களில் உருவாக்கியவர். அவரே 1972-இல் கட்லரின் விளக்கையும் தூசி தட்டி எடுத்தார். ஸ்வீடனில் அகச்சிவப்பு உணரும் ஃபிலிமைச் சேர்த்து மேலே கொண்டுபோனார்கள். 1990-இல் அதே நாட்டின் பல மையங்கள் சேர்ந்து, இந்த ஒளிப்பரிசோதனையையும் மேமோகிராமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சின்னக் கட்டிகளை விளக்கு தவறவிட்டது, இல்லாததை இருப்பதாகவும் சொன்னது. மறுபடியும் அணைந்தது.

கதை அங்கே முடிந்திருக்கலாம். முடியாமல் காத்தவை இரண்டு விபத்துகள். ஒன்று ஜப்பானில், மற்றது ஒரு சாப்பாட்டு மேசையில்.

டகுவோ அயோயாகி, நிஹான் கோடன் நிறுவனத்துப் பொறியாளர். இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று அளக்க, ரத்தத்தில் ஒரு பச்சைச் சாயத்தை ஏற்றிக் காதில் ஒளி பாய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சாயமும் புகைப்பட நிறுவனமான கோடாக்கின் ஆய்வகத்திலிருந்து வந்ததுதான், இண்டோசயனின் கிரீன் என்று பெயர். நாடித் துடிப்பு அவர் வரைபடத்தைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லையைக் கழிக்க இன்னொரு நிறத்தைச் சேர்த்தார். ஆக்சிஜன் குறைந்த நேரத்தில் மட்டும் கழித்தல் சரியாக வரவில்லை. அப்போதுதான் பொறி தட்டியது: தொல்லை என்று துரத்திக்கொண்டிருந்த துடிப்புதான் ஆக்சிஜனைச் சொல்கிறது! 1974 மார்ச்சில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. ஒரு மாதம் ஆவதற்குள் கேமரா தயாரிக்கும் மினோல்டா நிறுவனமும் அதே எண்ணத்தோடு விண்ணப்பித்தது. பல்ஸ் ஆக்சிமீட்டர் பிறந்த கதை இது. கொரோனா இரண்டாம் அலையில், 2021-இல், நம் ஊர் மருந்துக்கடைகளில் வரிசையில் நின்று வாங்கி விரலில் மாட்டிக்கொண்டோமே, அதேதான். ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் சிவப்பை ஒரு மாதிரியும் அகச்சிவப்பை வேறு மாதிரியும் விழுங்குகின்றன. பச்சையையும் நீலத்தையும் ரத்தம் ஏறக்குறைய முழுசாக விழுங்கிவிடுகிறது. டார்ச்சில் கை சிவந்ததன் ரகசியம் இவ்வளவுதான்.

இரண்டாவது விபத்து 1976 டிசம்பரில் அமெரிக்காவில் நடந்தது. டியூக் பல்கலைக்கழகத்து ஃபிரான்ஸ் யோப்சிஸ் வீட்டில் சாப்பாடு முடிந்து மாட்டுத் தோள்பட்டை எலும்பு ஒன்று மிஞ்சிக் கிடந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது எலும்பின் வழியாகச் சிவப்பு வெளிச்சம் வருவதை அவருடைய பதினான்கு வயது மகன் கவனித்துச் சொன்னான். எலும்பையே தாண்டுகிறது என்றால் மண்டை ஓட்டையும் தாண்டுமே என்று யோப்சிஸ் நினைத்தார். சிவப்புக்குச் சற்று அப்பாலுள்ள ஒளி, தோராயமாக 650 முதல் 950 நானோமீட்டர் வரை, ரத்தத்திடமும் தண்ணீரிடமும் அவ்வளவாகச் சிக்காமல் பல சென்டிமீட்டர் உள்ளே போய் வருகிறது. 1977-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். டெல்டாவில் வரப்பில் நடந்த எந்தப் பையனும் கேட்டிருக்கக்கூடிய கேள்விதான் அது. அந்த வீட்டில் கேட்கப்பட்டது.

அதன் பிறகு விளக்கு வேறு வேலைக்குத் திரும்பியது. கட்டி எங்கே என்று படம் பிடிப்பதில் எக்ஸ்ரேவோடு போட்டி போட முடியாது. மார்கழிப் பனி விடாது. ஆனால் பனிக்குள்ளிருந்து வரும் வெளிச்சத்தின் நிறத்தைப் பார்த்தால் அங்கே எவ்வளவு ரத்தம், அதில் எவ்வளவு ஆக்சிஜன், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கொழுப்பு என்று சொல்லிவிடலாம். மேமோகிராமுக்கு நிழல் தெரியும், இவை தெரியாது. பிலடெல்பியாவில் பிரிட்டன் சான்ஸ் இந்தத் துறையை ஊட்டி வளர்த்தார். 1952 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகில் தங்கம் வென்றவர், உயிர்வேதியியலில் பெரிய தலை, 97 வயதுவரை ஆய்வகத்துக்கு வந்தவர். கலிபோர்னியாவின் இர்வைனில் புரூஸ் டிராம்பர்க் குழுவினர் மார்பின் மேல் நகர்த்தும் கைக்கருவி செய்தார்கள். அறுவைக்கு முன் கீமோ கொடுக்கும்போது கட்டி கரைகிறதா இல்லையா என்பது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தெரியாது. அவர்கள் கருவி, முதல் கீமோவுக்கு மறுநாளே, மருந்துக்கு இசையும் கட்டிகளில் ஆக்சிஜன் ரத்தம் குபீரென்று ஏறுவதைக் கண்டதாக 2011-இல் எழுதினார்கள். இசையாத கட்டிகளில் அது ஏறவில்லை. சோதிக்கப்பட்ட பெண்கள் சிலரே. இருந்தாலும் முட்டைக்குள் ரத்தநாளம் ஓடியதா என்று பார்த்த பாட்டியின் கேள்வியே இது.

ராமன் ஒளியும் சுற்றிவிட்டு வீடு திரும்பியது. 1991-இல் நியூயார்க்கில் ராபர்ட் அல்ஃபானோ குழு மார்பகத் திசுக்களின் ராமன் நிறமாலையைப் பதிவு செய்தது. 2005-இல் மாசசூசெட்ஸின் எம்.ஐ.டி.யில் மைக்கேல் ஃபெல்டின் ஆய்வகம் இயல்பான திசு, தீங்கற்ற கட்டி, புற்று மூன்றையும் அதன்மூலம் பிரித்துக் காட்டியது. மறு ஆண்டு கர்நாடகத்து மணிபாலில் முரளி கிருஷ்ணாவும் கூட்டாளிகளும் நம் நாட்டுப் பெண்களின் திசுக்களில் அதே வேலையைச் செய்து பதிப்பித்தார்கள். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் சிங்காரவேலு கணேசனும் பிரகாச ராவ் அருணாவும், சாயம் எதுவும் ஏற்றாமல் செல்லே தானாக உமிழும் ஒளிர்வில் புற்றின் அடையாளத்தைத் தேடிவந்தவர்கள்.

இதில் சுண்ணாம்பின் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. மேமோகிராமில் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள் தெரியும், கால்சியம் படிவு என்பார்கள். படத்தில் எல்லாம் ஒரே வெள்ளை. உண்மையில் இரண்டு வகை உண்டு. சிறுநீரகக் கல்லில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் பெரும்பாலும் தீங்கற்ற இடத்தில் சேர்வது. எலும்பில் இருக்கும் வகையோ புற்றிலும் வரும், புற்றில்லாத இடத்திலும் வரும். எது எது என்று எக்ஸ்ரேவுக்குத் தெரியாது, ராமன் ஒளிக்குத் தெரியும். இங்கிலாந்தில் நிக் ஸ்டோனும் பாவெல் மடூசெக்கும் சதைக்குள் புதைந்த சுண்ணாம்பின் ராமன் ஒளியை வெளியே வரவழைக்கும் வழியைக் கண்டார்கள். அது மருத்துவமனைக்கு வந்துவிட்டால், ஒன்றுமில்லாத புள்ளிக்காக ஊசி குத்தி பயாப்சி எடுத்து, முடிவு வரும்வரை ஒரு வாரம் தூங்காமல் கிடக்கும் பெண்கள் எத்தனையோ பேர் தப்புவார்கள்.

2016-இல் பெங்களூரில் கீதா மஞ்சுநாத் ‘நிராமை’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கைவிடப்பட்ட அந்த வெப்பப்படத்தையே எடுத்து, லட்சக்கணக்கான வெப்பப் புள்ளிகளைக் கணினி படிக்கும்படி செய்தார். பெண்ணை யாரும் தொடுவதில்லை, திரைக்குப் பின்னால் கேமராவின் முன் நிற்க வேண்டியதுதான். தொடக் கூசுவதால் நம் பெண்களில் பலர் வராமலிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமல்ல. ஆனால் லாசனுக்கு நேர்ந்தது மறக்கக்கூடாத பாடம். இதை மேமோகிராமுக்குப் பதில் என்று நினைக்காமல், யாரை முதலில் அனுப்ப வேண்டும் என்று பிரித்துச் சொல்லும் கருவியாக வைத்துக்கொள்வதே சரி என்பது என் எண்ணம்.

அறுவை மேசைக்கு வருவோம். சாயக்காரர்களின் கதை அங்கேதான் பலித்தது. என் பெரியம்மா மார்பில் கட்டியை ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. நடவு முடியட்டும் என்றாள், பிறகு அறுப்பு முடியட்டும் என்றாள். அறுவை செய்தபோது அந்தக் காலத்து வழக்கப்படி அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களை எல்லாம் வழித்தெடுத்தார்கள். உயிர் பிழைத்தாள். ஆறு மாதத்தில் அந்தக் கை வீங்கத் தொடங்கியது. நிணநீர் போக வழியில்லாமல் தேங்கினால் கை அப்படித்தான் ஆகும், யானைக்கால் கண்ட ஊருக்கு இது அந்நியமில்லை. குனிந்து நாற்று முடி பிரித்து நட்டுக்கொண்டே போகிறவளுக்கு அந்தக் கைதான் கூலி. அதற்குப் பிறகு அவள் வயலில் இறங்கவே இல்லை. வரப்பில் நின்று மற்றவர்கள் நடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தக் கணுக்களை எல்லாம் எடுக்கத்தான் வேண்டுமா? புற்று பரவினால் முதலில் போய்த் தங்கும் காவல் கணு ஒன்றிரண்டு உண்டு. அவற்றில் இல்லை என்றால் பெரும்பாலும் மற்றவற்றைத் தொட வேண்டாம். அதைக் கண்டுபிடிக்க மார்பில் மெத்திலீன் நீலத்தை ஏற்றுவார்கள், அது வாய்க்கால் பிடித்து அக்குளில் முதல் கணுவை நீலமாக்கும். 2005-இல் ஜப்பானில் கிடாயும் சகாக்களும் இண்டோசயனின் கிரீனை ஏற்றி, அகச்சிவப்பு கேமராவில் நிணநீர் தோலுக்கடியில் ஓடும் பாதையையே நேரில் பார்த்தார்கள். அயோயாகி இதயத்துக்கு ஏற்றிய அதே சாயம். கேமரா விலை அதிகம் என்பதால் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஃபுளோரசீனையும் மெத்திலீன் நீலத்தையும் சேர்த்து, நீல எல்.இ.டி. விளக்கில் பார்க்கும் மலிவான வழியைச் சோதித்து எழுதினார்கள். டான்யூபில் கரைத்த பொருளும் துணிச் சாயமும் ஒரு விளக்கும் போதும். பெரியம்மா காலத்தில் இது இருந்திருந்தால் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் இன்னொன்றுக்கு அனுமதி கிடைத்தது: கட்டியை எடுத்த குழியில் மிச்சம் மீதி புற்று இருந்தால் ஒளிரவைக்கும் மருந்தும் அதைப் பார்க்கும் கருவியும். கட்டியின் ஓரத்தை ஒளியால் படிக்கும் அந்த வேலையில், யோப்சிஸ் இருந்த அதே டியூக் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் உழைத்தவர் நிர்மலா ராமானுஜம்.

ஒளியைக் காதால் கேட்கும் வழியும் ஒன்று உண்டு. ஒளியைத் துடிக்க விட்டால் பொருள்கள் ஓசை எழுப்புவதை 1880-இல் கண்டவர் டெலிபோன் தந்த கிரகாம் பெல். அந்த ஓசையைக் கேட்டு மார்பகத்தின் ரத்தநாளங்களை வரையும் கருவிக்கு 2021 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி வந்தது. அல்ட்ராசவுண்டோடு சேர்த்துப் பயன்படுவது. நீண்ட நாள் தூங்கிய கண்டுபிடிப்புகளில் அதற்கு முதலிடம் கொடுக்கலாம்.

இந்தியாவில் 2022-இல் புதிதாக மார்பகப் புற்று கண்டவர்கள் சுமார் 1,92,000 பேர் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது. நம் பெண்களுக்கு மேலை நாட்டவரைவிடப் பத்து வயது முன்னாலேயே வருகிறது. இளைய மார்பகம் அடர்த்தி மிகுந்தது, அதில் மேமோகிராமின் கண் மங்கும். ஒளி நுழைய வேண்டிய இடைவெளி அங்கே இருக்கிறது. ஆனால் ஒளிக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி இருபது ஆண்டு நடத்திய ஆய்வில் ஒன்றரை லட்சம் பெண்கள் இருந்தார்கள். பயிற்சி பெற்ற சாதாரணப் பெண் ஊழியர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்தார்கள். கட்டிகள் சீக்கிரமே பிடிபட்டன. ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் சாவு ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்தக் குறைவு தெரியவில்லை. தமிழ்நாட்டில் சமூக அளவிலான புற்றுநோய்ப் பரிசோதனை 2023 நவம்பரில் ஈரோடு, ராணிப்பேட்டை, கன்னியாகுமரி, திருப்பத்தூர் என நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அந்த முதல் பட்டியலில் டெல்டா இல்லை.

நான் தஞ்சாவூருக்குக் கேட்பது படம் பிடிக்கும் பெரிய இயந்திரம் அல்ல. வேதாரண்யத்திலிருந்து ஒருத்தி விடியற்காலைப் பஸ் பிடித்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் மாறி வந்து, கீமோ ஏற்றிக்கொண்டு, வாந்தியை அடக்கிக்கொண்டு இருட்டிய பிறகு வீடு சேர்கிறாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இப்படி. மருந்து கேட்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரிய மாதக்கணக்கில் ஆகிறது. கேட்கவில்லை என்றால் அத்தனை பஸ்ஸும் அத்தனை வாந்தியும் வீண், கட்டியும் வளர்ந்திருக்கும். முதல் ஊசிக்கு மறுநாள் மார்பின் மேல் கைக்கருவியை நகர்த்தி, சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் ஏறியதா என்று பார்த்துச் சொல்ல முடிந்தால், அடுத்த பஸ்ஸுக்கு முன்பே மருந்தை மாற்றிவிடலாம். இர்வைனில் சில பெண்களிடம் பார்த்த அந்த அறிகுறி நாற்று நடும் நம் பெண்களிடமும் அப்படியே தெரிகிறதா என்று பெருமளவில் யாராவது இங்கே வந்து சோதிக்க வேண்டும். அந்தக் கருவிக்கு வேண்டிய இயற்பியலில் ஒரு பங்கு இங்கேயிருந்து புறப்பட்டுப் போனதுதான்.